குளவி விடுகிற காலை

ஏழு கடல் தாண்டியும் இல்லை, ஏழு மலைக்கு அந்தாண்டையும் இல்லை, இதோ இந்த மலைக்கு இந்தாண்டையே ஒரு ஊர் இருந்ததாம், ஊருக்குக் கிழக்கே ஒரு கொய்யாத் தோட்டமாம், தோட்டத்தில் ஒரு மரமாம், மரத்தில் ஒரு பழமாம், பழத்துக்குள் ஒரு புழு இருந்ததாம். புழு நினைத்துக்கொண்டதாம், நாலு பக்கமும் தித்திப்புச் சுவர், வாசல் இல்லை, சன்னல் இல்லை, எங்கம்மா ஈ என்னை உள்ளே வைத்து மூடிவிட்டுப் பறந்துவிட்டாள், இனி என்னைத் தொட யாரால் முடியும் என்று. முடியும். நூல் இடுப்புக்காரி ஒருத்தி வருவாள். பழத்தின் மேல் கால் ஊன்றி நிற்பாள், அசைய மாட்டாள், உள்ளே புழு சதையை அரிக்கிற அதிர்வைக் காலாலேயே கேட்பாள், கேட்டுவிட்டு உடம்பைவிட நீளமான ஊசியைத் தோலுக்குள் இறக்குவாள். புழுவுக்கு ஒன்றும் தெரியாது. ஒரு சுருக், அவ்வளவுதான். மறுபடியும் தின்னும், கொழுக்கும், பழத்தைவிட்டுத் துள்ளிக் குதித்து மண்ணுக்குள் போய், கூட்டுக்குள் சுருண்டுகொண்டு, இறக்கை முளைத்ததும் வெளியே வருவேன் என்று படுத்துக்கொள்ளும். வெளியே வருவது அது இல்லை. அதைத் தின்று முடித்துவிட்டுக் கூட்டை உடைத்துக்கொண்டு வருகிறது அவள் மகள். சொல்கிற விதம் தாத்தாவுடையது என்றாலும் இது தாத்தாவின் கதை இல்லை, நான் வேலை பார்க்கிற இடத்தின் கதை, இதோ என் மடியில் தெர்மோகோல் பெட்டிக்குள் ஜாடி ஜாடியாக இருக்கிறார்கள் அந்த நூல் இடுப்புக்காரிகள், ஜாடி வாயில் வலைத்துணி, வலைத்துணியில் தேன் தடவிய காகிதம், பெட்டியின் மேல் ஈரச்சாக்கு. காதைச் சாய்த்தால் சின்னதாக ஒரு ரீங்காரம். தாத்தா கதை சொன்னால் உம் கொட்ட ஆள் வேண்டும், உம் நின்றால் கதையும் நின்றுவிடும், நான் பாதியில் தூங்கிவிடுவேன், மயிலா அக்காதான் கடைசிவரை உம் கொட்டுவாள். இப்போது நான் மனசுக்குள் என்ன கதை ஓட்டினாலும் அந்தப் பக்கத்திலிருந்து உம் வருவதில்லை.

அந்தத் தோட்டம் இந்தத் தோட்டம்தான். நாச்சிமுத்துவின் தோட்டம். முதல் வரிசை முதல் மரத்தடியில் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, பம்ப்செட் பக்கமாக நின்று போனில் பேசிக்கொண்டிருக்கிறார், அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களைக் கூப்பிடுகிறார், வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, பேசும்போது காற்றில் எதையோ பிசைகிற கை. "வந்துர்றாங்க தம்பி, சித்த நேரம், வெயில் ஏறாதுங்க" என்று என்னைப் பார்த்துச் சத்தம் போடுகிறார். வெயில் ஏறினால் குளவி சோர்ந்துவிடும் என்று நான்தான் சொல்லியிருந்தேன். இவர்கள் வராமல் பெட்டியைத் திறக்க முடியாது, அதுதான் முறை. குளவிக்கு வேலி தெரியாது, இந்தத் தோட்டத்தில் விட்டால் அந்தத் தோட்டத்துக்கும் போகும், அங்கே ஒருவன் மருந்து அடித்திருந்தால் எல்லாம் செத்து விழும், அதனால் சுற்றிலும் இருக்கிறவர்கள் யாரும் மருந்து அடித்திருக்கக் கூடாது, குளவி வேலையை முடிக்கிறவரை அடிக்கவும் கூடாது, அதை வாயால் சொல்ல வேண்டும். வாயால் சொன்னால் போதும் என்றுதான் எங்கள் குளவிப் பண்ணையில் வைத்திருந்தார்கள், இந்த ஊர்க்காரர்கள் அதற்கு மேல் ஒருபடி போய், முதல் மரத்தின் மேல் கை வைத்துச் சொல்வது என்று ஆக்கிக்கொண்டார்கள், காய்க்கிற மரத்தைத் தொட்டுப் பொய் சொல்ல எவனுக்கும் மனசு வராதாம். வராதாமே. நான் வந்ததும் கேட்டேன், "மருந்து அடிச்சீங்களாங்கய்யா?" என் குரல் எனக்கே கேட்காது, அவருக்குக் கேட்டது. "சேச்சே, நீங்க சொன்ன பொறவு அதைக் கையில தொடுவனா, அடிக்கலீங்க தம்பி." முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. அவர் சொல்லி முடிக்கும்போதே எனக்கு வாசம் வந்துவிட்டது. பழுத்த கொய்யா வாசத்துக்குள், அழுகின பூண்டு மாதிரி, மண்ணுக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி. இந்த வாசத்தை எங்கே இருந்தாலும் கண்டுபிடிப்பேன், ஒரு புடவையில் இருந்தது, எத்தனை தடவை ஊறவைத்தும் போகாமல் கடைசியில் அம்மா அதை ஆற்றில் விட்டாள்.

வாசம் மட்டும் என்றால் என் மனப்பிரமை என்று விட்டுவிடலாம். மரத்தைப் பார். அடிமரத்தில் செவ்வெறும்பு வரிசை கிடையாது, வேரடியில் காய்ந்த தேயிலைத்தூள் கொட்டினதுபோல் எறும்பு குவிந்து கிடக்கிறது. பூவுக்குள் தலையை விட்டபடி ஒரு தேனீ, தொட்டேன், உதிர்ந்தது. இலைக்கு மேல் துளித்துளியாகக் காய்ந்த வெள்ளை, பால் சிந்தித் துடைக்காமல் விட்ட மாதிரி. நேற்றுச் சாயங்காலம் அடித்திருக்க வேண்டும். அடித்துவிட்டு, அடிக்கலை என்கிறார், அடித்ததும் தெரிகிறது, அடிக்கலை என்பதும் கேட்கிறது, நடுவில் நான் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எழுந்து நின்று சொல்லியிருக்க வேண்டும். பண்ணையில் அதற்குத்தான் சம்பளம். ஆனால் நான் சொல்லவில்லை, ஏனென்றால் சொல்ல வாயெடுத்த நேரத்தில் வயிற்றுக்குள் ஏதோ ஒன்று சுகமாகப் புரண்டு படுத்தது. எவ்வளவு சுலபம் என்று அது சொன்னது. நீ ஒன்றும் செய்ய வேண்டாம், கையில் கத்தி வேண்டாம், ஒருத்தரிடமும் ஒரு வார்த்தை பேச வேண்டாம், அவர் சொன்னதை நம்பினால் போதும். ஊரே அன்றைக்கு நம்பினதுபோல நீயும் இன்றைக்கு நம்பு. நம்பி, வலைத்துணியை அவிழ்த்து விடு. எல்லாம் இந்த இலைகளில் போய் உட்காரும், கால் நடுங்கும், இறக்கை நடுங்கும், வெயில் ஏறுவதற்குள் எறும்போடு எறும்பாகக் கிடக்கும். ஈக்கு ஒன்றும் ஆகாது, இந்த மருந்தைக் குடித்துக் குடித்துப் பழகின ஈ. எதிரியில்லாத தோட்டத்தில் அது குடும்பம் குடும்பமாக முட்டை வைக்கும், பழம் ஒவ்வொன்றும் உள்ளே கூழாகி, பறிப்பு நேரத்தில் சந்தையில் ஒருவன் பிளந்து பார்த்து முகத்தைச் சுளித்துத் திருப்பி அனுப்புவான். இந்தப் போகமும் போனால் தோட்டமே கையில் நிற்காது என்று அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். தாத்தா கதைகளில் ராட்சசன் உயிரைக் கொண்டுபோய் எங்கேயாவது பத்திரமாக ஒளித்து வைப்பான், தேடிக் கண்டுபிடிக்கவே ஆயுசு போகும். நாச்சிமுத்து ஒளித்து வைக்கவில்லை. வரிசை வரிசையாக நட்டு வைத்திருக்கிறார்.

மயிலாத்தாள் என்று பேர், வீட்டில் மயிலா, எனக்கு அக்கா. இந்தத் தோட்டத்தில்தான் மருந்து கலக்கி ஊற்றுகிற வேலை. தெளிக்கிற ஆள் தோளில் டேங்க்கை மாட்டிக்கொண்டு மரம் மரமாகப் போவான், காலியானால் வந்து குனிவான், இவள் பீப்பாயில் கலக்கி வைத்ததை மொண்டு ஊற்ற வேண்டும், மூக்கில் முந்தானையைச் சுற்றிக்கொண்டால் அதுதான் பாதுகாப்பு. அன்றைக்கு அவள் காலையில் எனக்குத் தலை சீவிவிட்டாள், மீசை அரும்பின பையனுக்குத் தலை சீவிவிடுகிறாயே என்று அம்மா திட்டினாள், அக்கா சிரித்துச் சீப்பை என் தலையிலேயே செருகிவிட்டுப் போனாள். மத்தியானம் அவளை டெம்போவில் கொண்டுவந்து எங்கள் வாசலில் இறக்கினார்கள். வாயில் நுரை, உடம்பெல்லாம் வேர்வை, கண்ணின் பாவை கடுகு மாதிரி சுருங்கி, என்னைப் பார்த்துக்கொண்டே என்னைப் பார்க்காமல் இருந்தாள். அவள் உயிர் போவதற்கு முன்னாலேயே, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே ஊர்க்கதை கிளம்பிவிட்டது. நாச்சிமுத்து கேட்டவர்களிடமெல்லாம் சொன்னார், "நான் அந்தாண்டை இருந்தனுங்க, வந்து பாக்கறேன், புள்ள குடிச்சுட்டுக் கெடக்குது." குடித்தது என்று ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்கு ஊர் கை கால் வைத்தது, கண் மூக்கு வைத்தது, ஒரு ஆம்பிளையையும் வைத்தது. குடிக்காமலா நுரை வரும் என்றார்கள். யாரோ ஒருத்தனோட பழக்கமாம், அவன் வேறு கல்யாணம் பண்ணிக்கிட்டானாம், அதனாலயாம். யார் அவன், பேர் என்ன, எந்த ஊர், ஒருத்தருக்கும் தெரியாது, தெரியாதது அந்தக் கதைக்கு இன்னும் வசதியாக இருந்தது. அம்மா இன்றைக்கும் கல்யாண வீட்டுக்குப் போவதில்லை. தண்ணீர்க் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுத் தள்ளி நிற்கிறாள், பேச்சு நின்றதும் போய் எடுக்கிறாள். ஒருநாள் ராத்திரிச் சோற்றைப் பிசைந்துகொண்டே என்னிடம் கேட்டாள், "ஏன்டா, நெசமாவே ஆராச்சும் இருந்தானாடா? உங்கிட்டயாச்சும் சொன்னாளாடா?" அந்த இடத்தில்தான், அந்தக் கேள்வியில்தான், எனக்குள் ஊசி இறங்கியது. ஊரை விடு, அம்மாவே நம்ப ஆரம்பித்துவிட்டாள் என்பதில்.

குளவிப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தபோது முதல் வாரம் பயிற்சி. துணிக்கு நடுவில் புழுவைப் பரப்பிக் கட்டி, குளவிக் கூண்டுக்குள் தொங்கவிட வேண்டும், நூல் இடுப்புக்காரிகள் வந்து துணியைப் பழத்தோல் என்று நினைத்து ஊசியை இறக்குவார்கள், பார்க்கப் பார்க்க அலுக்காது. அந்த வாரத்தில் ஒரு மதியம், மருந்தைப் பற்றிச் சொல்ல ஒருவர் வந்தார், கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்டோம். மருந்து வாய் வழியாகத்தான் உள்ளே போகும் என்று நினைக்காதீர்கள் என்றார், தோல் குடிக்கும், கையில் பட்டால் போதும், குடித்தவனுக்கு வருகிற அதே நுரை வரும், அதே வேர்வை வரும், வித்தியாசம் தெரியாது என்றார். பக்கத்தில் இருந்தவன் டிபன் பாக்ஸைத் திறந்தான், புளிச்சோற்று வாசம் வந்தது, நான் எழுந்து வெளியே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குடித்தது அவள் வாய் இல்லை. அவள் கை. நாளெல்லாம் பீப்பாய் மருந்தை மொண்டு ஊற்றின கை, எனக்குத் தலை சீவிவிட்ட கை. நாச்சிமுத்து பார்த்துக்கொண்டு நின்றிருப்பார். நின்றாரா? அந்தாண்டை இருந்தேன் என்றாரே. எங்கே அந்தாண்டை? இங்கே உட்கார்ந்து பார்த்தால் பம்ப்செட்டிலிருந்து இந்த முதல் மரம்வரை ஒரு மறைப்பும் இல்லை, அவர் அங்கே நிற்பது எனக்கு நன்றாகத் தெரிகிறது, போனை மடக்கி இடுப்பில் செருகுவதுவரை தெரிகிறது. இதை நான் யாரிடம் சொல்வது, யார் கேட்பார்கள், என் குரலை எடுத்துக்கொண்டு எந்த வாசலில் நிற்பது. சத்தமா பேசுடா என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், பள்ளிக்கூடத்தில், ரேஷன் கடையில், பஸ்ஸில். போன மாதம் இவர் குளவி கேட்டுப் பண்ணைக்கு வந்தபோது என்னை அடையாளம் தெரிந்துகொண்டார், நான்தான் தெரியாதவன்போல் நின்றேன். "ஏந்தம்பி, நீங்க மயிலாத்தா தம்பி தண்டபாணிதானுங்களே?" என்றார். தோளில் கை வைத்தார். "பாவம் அந்தப் புள்ள, மனசுல என்ன கஷ்டமோ, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நம்ம தீத்து வெச்சிருக்க மாட்டமா" என்றார். பொய் சொல்கிறவர் சொல்கிற மாதிரி இல்லை, கண்ணில் நீர்கூட இருந்தது. சொல்லிச் சொல்லி அவருக்கே அது நடந்ததாக ஆகிவிட்டது. அந்தக் கையின் எடை இன்னும் என் தோளில் இருக்கிறது, குளித்தாலும் போகவில்லை.

வந்துவிட்டார்கள். முதலில் குடை, பிறகு ரங்கநாயகி, தெற்குத் தோட்டத்துக்காரி, பின்னாலேயே தொப்பையைத் தடவிக்கொண்டு மேற்குத் தோட்டத்துத் திருமலைச்சாமி. "ஏனுங் தம்பி, பொட்டியில குளவியா?" என்று ரங்கநாயகி எட்டவே நின்றுகொண்டாள், "கொட்டிப்போடுமா?" கொட்டாதுங்க்கா, மனுசரைக் கொட்டாது, புழுவை மட்டும்தான் என்று சொன்னேன், அவளுக்குக் கேட்கவில்லை. திருமலைச்சாமிக்குக் கேட்டது. "உன்ற வாயைவிடவா நாயகி அது கொட்டிரப் போகுது? நீ பக்கத்துல போனீன்னா அதுதான் பயந்துக்கும்." "நீங்க மொதல்ல தொப்பையை ஒதுக்கி நில்லுங்க, ஈ பாத்தா பலாப்பழம்னு முட்டை வெச்சுப்போடும்." நாச்சிமுத்து சிரித்தார், மூன்று பேரும் சிரித்தார்கள், காலை வெயில், மைனா சத்தம், யார் பார்த்தாலும் நல்ல மனிதர்கள் நல்ல காரியத்துக்குக் கூடியிருப்பதாகத்தான் சொல்வார்கள். நான் பெட்டியைத் திறந்து ஈரச்சாக்கை விலக்கினேன். உள்ளுக்குள் ஒரு தராசு ஆடிக்கொண்டே இருந்தது. நாச்சிமுத்து தோட்டம் போகட்டும், சரி, அது போக வேண்டியது, ஆனால் இங்கே பெருகின ஈ இவர்கள் தோட்டத்துக்கும் போகும், திருமலைச்சாமிக்கும் போகும், ரங்கநாயகிக்கும் போகும், இவர்கள் என்ன செய்தார்கள். என்ன செய்தார்களா? ரங்கநாயகிதான் குழாயடியில் முதல்முதலாகச் சொன்னவள், ஆரோ ஒருத்தனோட பழக்கமாமா என்று. கேட்டாள் என்று சொல்ல வேண்டும், சொன்னாள் என்று சொல்லக் கூடாது, கேள்வியாகத்தான் கேட்டாள், கேள்வி மாதிரி ஒரு விதை கிடையாது. திருமலைச்சாமி ஒன்றும் சொல்லவில்லை, இழவுக்கு வந்து தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், சொல்லாமல் இருந்தார், சொல்லாமல் இருந்ததும் ஒரு சொல்தான். போகட்டும். எல்லாம் போகட்டும். மலையடிவாரம் முழுக்க ஒரு பழம் நல்ல பழமாக நிற்காமல் போகட்டும். ஜாடியைத் தூக்கினேன், உள்ளே அவர்கள் வலைத்துணியில் அப்பிக்கொண்டு ஏறினார்கள், ஒருத்தி தேன் காகிதத்தில் வாயை வைத்துக்கொண்டு பின்னங்காலால் இறக்கையைத் துடைத்துக்கொண்டாள், அவ்வளவு பொறுமையாக, கல்யாணத்துக்குக் கிளம்புகிறவள் மாதிரி. இவர்களை நான் வளர்த்தேன். புழு சலித்து, தவிடு பிசைந்து, ஈரம் பார்த்து, ராத்திரி கரண்ட் போனால் ஓடிப்போய் விசிறி. இவர்கள் யார் வீட்டு மருந்துக்குச் சாக வேண்டும்? இன்னும் ஒரு முறை இந்தத் தோட்டத்தில் ஒன்றும் தெரியாத பொம்பளைகளை அனுப்பி, கால் நடுங்கிச் சாகவிட்டு, நான் அந்தாண்டை இருந்தேன் என்று சொல்லிக்கொள்வதா? அந்த நினைப்பு வந்ததும் கை ஜாடியிலேயே நின்றுவிட்டது, உடனே இன்னொன்று அதை இடித்துத் தள்ளியது, பூச்சிடா, பூச்சி, பூச்சிக்கும் அக்காவுக்கும் முடிச்சுப் போடுகிறாயே, அவிழ்த்துவிடு.

"வாக்குச் சொல்லீர்லாமுங்களா" என்றார் நாச்சிமுத்து. ரங்கநாயகி குடையை மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டு மரத்தில் கை வைத்தாள், மருந்து அடிக்கலை, அடிக்க மாட்டேன். திருமலைச்சாமி வைத்தார், அடிக்கலை, அடிக்க மாட்டேன், என்ற பேரன் மேல சத்தியம் என்று கேட்காததையும் சேர்த்துச் சொன்னார். நாச்சிமுத்து வைத்தார். அகலமான கை, நகத்தில் மண், நேற்று எந்த மூடியைத் திருகிய கை என்று எனக்குத் தெரியும். கை வைத்த இடத்துக்குக் கீழே செத்த எறும்பு ஒன்று பட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தது. "அடிக்கலீங்க" என்றார், "அடிக்க மாட்டனுங்க." மரம் ஒன்றும் செய்யவில்லை. காற்றுக்கூட நிற்கவில்லை. சரி என்று நினைத்தேன். அவர் சொல்லிவிட்டார், மூன்று பேர் கேட்டுவிட்டோம், இனி என் மேல் ஒன்றும் இல்லை, நான் நம்பினவன். ஜாடி வாயில் கட்டியிருந்த ரப்பர் வளையத்துக்குள் விரலை நுழைத்தேன். இனிப்பு நாக்கில் படுவதற்கு முன்னால் வாய் ஊறுமே, அந்த மாதிரி விரல் ஊறியது. நாச்சிமுத்து என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் திருமலைச்சாமி கை உயர்ந்ததை நான் பார்க்கவில்லை. கொய்யாத் தோட்டத்துக்குள் வந்தவன் ஒரு பழம் பறித்துக் கடிக்காமல் போவதில்லை, யாரும் கேட்க மாட்டார்கள், யாரும் கொடுக்கவும் வேண்டாம், நிற்கிற இடத்தில் கை எட்டினதைப் பறித்து வேட்டியில் துடைத்துவிட்டுக் கடிப்பது, பேச்சுக்கு நடுவில், நினைப்பே இல்லாமல். அவர் பறித்து, துடைத்து, வாய்க்குக் கொண்டுபோனார்.

படார் என்று ஒரு சத்தம். நாச்சிமுத்து தட்டிவிட்டார். பழம் தெறித்து வாய்க்காலில் விழுந்து உருண்டது. "வேண்டாம்யா!" என்றார், அது அவர் குரல் மாதிரியே இல்லை, அடிவயிற்றிலிருந்து வந்தது. திருமலைச்சாமி கை வாய்க்குப் பக்கத்திலேயே வெறுமையாக நின்றது. மைனா மட்டும் பேசியது. திருமலைச்சாமி மெதுவாகத் தன் வேட்டியைப் பார்த்தார், பழம் துடைத்த இடத்தில் ஒரு வெள்ளைத் தீற்றல். அதை விரலால் தொட்டு மூக்கில் வைத்துப் பார்த்தார். "நாச்சி" என்றார், "இப்பத்தானடா மரத்துல கை வெச்சே." நாச்சிமுத்து துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், துடைத்த இடத்தையே துடைத்தார். "நேத்து அடிச்சனுங்க. ரெண்டும் சேந்தா வெரசா கேக்கும்னு நெனச்சேன். மருந்தும் இருக்கட்டும், குளவியும் இருக்கட்டும்னு. பூச்சியை மட்டும் நம்பிப் பாத்துட்டு நிக்க முடியுதா?" ரங்கநாயகி தலையில் கை வைத்துக்கொண்டாள். அவர்கள் மருந்தைப் பற்றிப் பேசினார்கள், குளவி செத்திருக்குமே என்று பேசினார்கள், எனக்கு எதுவும் கேட்கவில்லை. எனக்குள் அந்தப் படார்தான் திரும்பத் திரும்பக் கேட்டது. எவ்வளவு வேகம் அந்தக் கைக்கு. யோசிக்கவே இல்லை, கண் பார்த்தது, கை தட்டியது, நடுவில் ஒரு மூச்சுக்கூட இல்லை. அப்படியென்றால் அந்தக் கைக்குத் தட்டத் தெரியும். இத்தனை நாளாக நான் அவரை ஒன்றும் தெரியாத மரக்கட்டை என்றோ கல்நெஞ்சுக்காரர் என்றோ வைத்துக்கொண்டு வெறுத்தேன், வெறுப்பதற்கு அது வசதியாக இருந்தது. இப்போது தெரிகிறது, தெரியும், எல்லாம் தெரியும், எது தொட்டால் சாகும் என்று தெரியும், ஆள் யார் என்று பார்த்துத்தான் அந்தக் கை எழும். வயிற்றுக்குள் புரண்டு படுத்திருந்தது எழுந்து நின்றுவிட்டது. நான் எழுந்து நின்றேனா அது எழுந்து நின்றதா தெரியவில்லை.

"எங்கக்கா கையை ஏனுங்கய்யா தட்டிவிடல?"

மெதுவாகத்தான் கேட்டேன். எனக்கு அப்படித்தான் வரும். ஆனால் அந்த நேரத்தில் அங்கே வேறு சத்தமே இல்லை, மூன்று பேரும் திரும்பினார்கள். நாச்சிமுத்து என்னைப் பார்த்து, பெட்டியைப் பார்த்து, பீப்பாய் இருந்த இடத்தைப் பார்த்தார், இப்போது அங்கே பீப்பாய் இல்லை, ஆனாலும் பார்த்தார், அந்தப் பார்வை போன இடத்தை ரங்கநாயகியும் பார்த்தாள். "எந்தம்பி, அது வேற, அது அந்தப் புள்ள..." என்று ஆரம்பித்தார். "பம்ப்செட்டுல நின்னா இங்க நிக்கறது தெரியுதுங்கய்யா" என்றேன், "காலையில இருந்து உங்களை நான் பாத்துட்டேதான் இருக்கேன். கலக்கறப்ப எங்க நின்னீங்க?" அவர் உதடு அசைந்தது. "மழை வர்ற மாதிரி இருந்துச்சு" என்றார், எங்களுக்குச் சொல்வதுபோல் இல்லை, அந்த இடத்துக்குச் சொல்வதுபோல. "கலக்கற குச்சியைக் காணோம்னு கேட்டுச்சு. தேடறதுக்கு நேரமில்ல கையாலயே கலக்கு ஆத்தா, சீக்கிரம்னு சொன்னேன். முழங்கை வரைக்கும் விட்டுக் கலக்குச்சு. எத்தனையோ பேரு அப்படித்தான் கலக்கியிருக்காங்க. ஒண்ணும் ஆகாதுன்னுதான்..." "குடிச்சுச்சுன்னு சொன்னீங்களே நாச்சிண்ணா" என்றாள் ரங்கநாயகி. அவள் குரல் இந்த முறை கேள்வி மாதிரியே இல்லை. "குடிக்கல" என்றார். "நான் பாக்கல, குடிக்கறதைப் பாக்கல." திருமலைச்சாமி அவரை ஒரு தடவை மேலிருந்து கீழ்வரை பார்த்தார், பிறகு என்னிடம் வந்து, "பொட்டியை மூடிக்க சாமி" என்றார், "என்ற தோட்டம் மேவரத்துல இருக்குது, காத்து இங்கிருந்து அங்க போகாது, அந்தக் கடைசி மேக்கால மூலையில கொண்டாந்து விடு. நான் வெச்ச கை பொய் இல்ல." வெள்ளை ஒட்டின வேட்டியை உடம்பில் படாமல் ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வரப்பு மேல் தொப்பை குலுங்க நடந்து போனார். ரங்கநாயகி குடையை விரித்தாள், மடக்கினாள், மறுபடி விரித்தாள். "பாணி, உங்கம்மாகிட்ட நான்..." என்றாள். நான் உதவவில்லை. முடிக்காமலே போனாள்.

நாங்கள் இரண்டு பேர். நான் ஜாடியைப் பெட்டிக்குள் வைத்து ஈரச்சாக்கைப் போர்த்தினேன், சாக்கு காய்ந்துகொண்டு வந்தது, வாய்க்கால் தண்ணீரைத் தொட நினைத்துத் தொடாமல், பாட்டிலில் கொண்டுவந்திருந்ததைத் தெளித்தேன். நாச்சிமுத்து குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார், எனக்கு எதிரே, என்னைவிடத் தாழ. இதைத்தான் கேட்டேனா? எத்தனை ராத்திரி படுத்துக்கொண்டு ஜோடித்திருக்கிறேன், அவர் அழுவார், நான் நிமிர்ந்து நிற்பேன், நெஞ்சுக்குள் ஏதோ குளிரும் என்று. ஒன்றும் குளிரவில்லை. இன்னும் வேண்டும் என்றுதான் இருந்தது, ஆழமாக, இன்னும் ஆழமாக. "எனக்கு எப்பத் தம்பி வெக்கலாம்?" என்று கேட்டார். என்ன கேட்கிறார் என்று முதலில் புரியவில்லை. குளவியைக் கேட்கிறார். "மருந்து வீரியம் போன பொறவு வெக்கலாமுல்ல? மழை பேஞ்சு கழுவிட்டா? இந்தப் போகம் உட்டுட்டா எனக்கு ஒண்ணுமில்ல தம்பி." நான் கயிற்றைப் பெட்டியைச் சுற்றிக் கட்டினேன், நிதானமாக, ஒவ்வொரு சுற்றாக. "வெக்கலாம்" என்றேன், "கொண்டுவர்றதா வேண்டாமான்னு நான் சொல்றதுதான். பண்ணையில என்னைத்தான் கேப்பாங்க." அவர் முகம் மேலே வந்தது. "இவங்க ரெண்டு பேரு முன்னால சொன்னது பத்தாது" என்றேன். "எங்க தெருவுக்குப் போங்க. குழாயடியில இப்ப எல்லாரும் இருப்பாங்க. எங்கம்மா தள்ளி நிக்கும், குடம் எடுக்க. அங்க நின்னு சொல்லுங்க. குச்சி கேட்டுச்சுன்னு சொல்லுங்க. கையால கலக்குன்னு சொன்னேன்னு சொல்லுங்க. ஆம்பிளை ஒருத்தனும் இல்லைன்னு சொல்லுங்க. எனக்கு வர்ற மாதிரி மெதுவா இல்ல, உங்களுக்கு வர்ற மாதிரி சத்தமா." "அத்தனை பொம்பளைங்க முன்னாலயா தம்பி" என்றார். "அத்தனை பேரு முன்னாலதான் நீங்க அப்பவும் சொன்னீங்க." சொன்னால் கொண்டுவருவாயா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கும் தெரியாது, தெரியாமல் இருப்பதுகூட எனக்குப் பிடித்திருந்தது, அவர் அதையும் சேர்த்துச் சுமந்துகொண்டு போகட்டும்.

வெயில் மரத்துக்குள் இறங்கி அவர் கழுத்தில் விழுந்தது. பிறகு முட்டியில் கையை ஊன்றி எழுந்தார், துண்டைத் தோளில் போட்டார், அதை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டார். வேலிக்கு வெளியே இட்டேரிப் பாதையில் இடது பக்கம் திரும்பினால் அவர் வீடு, காரை வீடு, மாடியில் தண்ணீர்த் தொட்டி. வலது பக்கம் திரும்பினால் முள்வேலி, கல்பாதை, எங்கள் தெரு. வேலிப்படலைத் திறந்துகொண்டு நின்றார். இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் திரும்பினார். மரத்தில் கை வைக்கும்போது கழற்றின செருப்பு ஜோடியாக என் பக்கத்திலேயே கிடந்தது, அது அவருக்கு நினைப்பில்லை. கல்லில் கால் பட்டு ஒரு தரம் தள்ளாடினார், நின்றார், மறுபடி நடந்தார். செருப்பு என்று கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும், அவ்வளவு தூரம்தான். நான் கூப்பிடவில்லை. அவர் முதுகு வேலிக்கு அந்தப் பக்கம் சின்னதாகிக்கொண்டே போய், திருப்பத்தில் மறைந்தது.